கம்பளத்துக்கு மோப்பம் கிடையாது

ஏரிக்கரை வாயிலில் நட்டிருந்த மோப்பக் கம்பத்துக்கு ஷாலினி வைத்திருந்த பெயர் நாய். வெறும் நாய்கூட இல்லை, வாரியத்து நாய். தெரு நாய்க்காவது சோறு போட்டவளின் முகம் நினைவிருக்கும். இதுவோ, பிறந்ததிலிருந்து பொன்னேந்தல் ஏரியிலேயே வலை வீசுகிறவளைத் தினமும் காலையில் இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் முகர்ந்துவிட்டு, "நன்றி, உள்ளே செல்லலாம்" என்று தேன் ஒழுகச் சொல்லும். யாருடைய ஏரிக்குள் யாரை விடுகிறதாம்! ஷாலினி அதன் காலடியில் ஒரு முறை காறித் துப்பாமல் தாண்டியதே இல்லை.

கம்பம் என்றால் ஆள் உயரத்துக்கு இரண்டு தூண்கள், நடுவே ஒரு தடுப்புக் கட்டை; வண்டிக்கு ஒரு ஜோடி, பக்கத்து நடைபாதைக்கு ஒரு ஜோடி. எந்த உயிரும் எங்கே உரசிப் போனாலும் தன்னுடைய துணுக்கு ஒன்றை அங்கே விட்டுவிட்டுத்தான் போகும். அந்தத் துணுக்கை முகர்ந்தே இன்ன மீன், இன்ன பாசி, இன்ன சிப்பி என்று கம்பம் சொல்லிவிடும். கெட்டிக்கார இயந்திரம்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கட்டி மேய்த்தவர்கள்தான் மோசம்.

எல்லாம் நகச்சிப்பியால் வந்தது. எந்தக் கடலிலிருந்தோ எந்தக் கப்பலின் அடிவயிற்றிலோ ஒட்டிக்கொண்டு வந்த சிப்பி. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத அது, ஓர் ஏரிக்குள் நுழைந்தால் அடுத்த மழைக்குள் கல், மதகு, படகு, ஆமை முதுகு என்று ஓர் இடம் விடாமல் அப்பிக்கொள்ளும். தண்ணீரில் இருக்கிற சத்தையெல்லாம் அது உறிஞ்சிவிட, மீன்குஞ்சு பட்டினியில் சாகும். மீன்கள் செத்தபோது அரசாங்கத்துக்குத் தூக்கம் நன்றாகத்தான் வந்தது. ஏரிக்குழாய்களில் சிப்பி அடைத்துத் தலைநகரத்தின் குளியலறைகளில் தண்ணீர் நின்ற பிறகுதான் திடுக்கிட்டு விழித்து, ஏரிக் காப்பு வாரியம் என்று ஒன்றைப் பெற்றுப் போட்டது. அந்த வாரியம் கம்பங்களை நட்டது, சட்டமும் போட்டது. சிப்பி விழுந்த ஏரியின் மனிதர்கள் சிப்பி விழாத ஏரியின் கரைக்குள் கால் வைக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். அதை எழுதியவர்களுக்கு ஏரிக்கரையில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் எங்கே பெண் கொடுக்கிறார்கள், எங்கே பெண் எடுக்கிறார்கள் என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை போலிருக்கிறது.

ஷாலினியின் ஒரே மகள் இசைமதியைக் கட்டிக் கொடுத்திருந்தது கருவேப்பந்தாங்கலில். அங்கே சிப்பி விழுந்து இரண்டு மழை ஆகிவிட்டது. பொன்னேந்தலில் அப்போது விழவில்லை. மீனவர் குடியிருப்பு முழுவதும் கம்பத்துக்கு உள்பக்கம் இருந்தது.

இசைமதிக்குப் போன வருஷம் ஒரு கரு கலைந்திருந்தது. இந்த முறை ஏழாம் மாதம் வரை தக்கவைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாமியார் இல்லாத வீடு. மாப்பிள்ளைக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூர் வேலை. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டும் என்பது எந்த வாரியமும் சொல்லித் தந்த சட்டம் இல்லை; அது அதற்கெல்லாம் முந்தையது. வளைகாப்புக்குத்தான் ஷாலினி போக முடியவில்லை. போய்த் திரும்பினால் கம்பம் அவளையே வெளியே நிறுத்திவிடும். சரி, வயிற்றுப் பிள்ளைக்காரியையாவது விடமாட்டார்களா என்று நினைத்து மகளை வரச் சொல்லிவிட்டாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கி, இடுப்பில் கை ஊன்றி, மெல்ல நடந்து வந்து தூண்களுக்கு நடுவே நின்றாள் இசைமதி. கம்பம் முகர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"நீங்கள் அந்நிய உயிரினத்தின் தடம் சுமந்து வருகிறீர்கள். ஓரமாக நிற்கவும்."

"மா, சுடுதண்ணியிலதாம்மா குளிச்சேன். புடவையக்கூட கொதிக்கவெச்சு வெயில்ல காயவெச்சுக் கட்டினு வந்தேன்" என்றாள் இசைமதி. முகம் வேர்த்திருந்தது.

"நீ இன்னா பண்ணுவ, உடு. இரு, அந்தப் பெரிய மனுஷன் வர்றான். கேக்கறேன்."

வந்தவர் வாரியத்தின் இயக்குநர் கவின்ராஜ். கார்க் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினார். முழுதும் இறக்கினால் மீன் வாசனை உள்ளே வந்துவிடுமே.

"ஏம்மா, ரூல்ஸ் தெரியும்ல?"

"தெரியும் சார். எம் பொண்ணு சார். தலைப்பிரசவம். ஏற்கெனவே ஒண்ணு கலைஞ்சு போச்சு. அங்க பாத்துக்க ஆள் இல்ல."

"உங்க பொண்ணுன்னு மெஷினுக்குத் தெரியுமா? ஏரிக்குத் தலைப்பிரசவம், வளைகாப்பெல்லாம் கிடையாதும்மா. இந்த ஒரு ஏரியாவது சுத்தமா இருக்கட்டும்னு நாங்க மாடா உழைக்கிறோம். சம்பந்தம் பேசறப்பவே ஏரியப் பாத்துப் பேசியிருக்கலாம்ல?"

ஜாதகம் பார்க்கச் சொன்னவர்களை ஷாலினி கண்டிருக்கிறாள். ஏரிக்கு ஜாதகம் பார்க்கச் சொன்ன அறிவாளியை அன்றுதான் கண்டாள். நாக்கின் நுனி வரை ஒரு வார்த்தை வந்தது. மகள் வெயிலில் நிற்கிறாளே என்று விழுங்கிக்கொண்டாள். கண்ணாடி ஏறிக்கொண்டது. மகளுக்குக் கொண்டுவந்த முறுக்கு டப்பாவைத் தடுப்புக் கட்டைக்கு மேலாகக்கூட நீட்ட முடியாமல், தாய் உள்ளேயும் மகள் வெளியேயுமாக நின்று அழுதுவிட்டுப் பிரிந்தார்கள். கம்பம் இருவருக்கும் நன்றி சொன்னது.

அதற்கு அடுத்த வாரம் ஷாலினியின் வலையில் நகச்சிப்பி வந்தது.

முதலில் ஒன்று, பிறகு கொத்துக் கொத்தாக. படித்துறையின் அடிப் படிகளில்தான் மிக அதிகம். வாரியத்துக்காரர்கள் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஊரைக் கூட்டி, இயக்குநர் வாயால் தீர்ப்புச் சொன்னார்கள். வெளி ஏரிகளில் சம்பந்தம் வைத்திருப்பவர்கள் மூலமாகத்தான் சிப்பி வந்திருக்கிறது. வேறு வழியே இல்லை. ஆகவே அப்படிப்பட்ட குடும்பங்கள் இனி ஏரியில் இறங்குமுன் தினமும் வேக்காட்டு அறையில் நின்றுவிட்டுத்தான் வரவேண்டும். இன்னும் ஒரு புகார் வந்தால் ஏரி உரிமையே ரத்து.

வேக்காட்டு அறை என்பது கொதிக்கக் கொதிக்க மருந்துத் தண்ணீர் பீய்ச்சும் தகரக் கொட்டகை. நாலே நாளில் ஷாலினிக்குத் தோளில் தோல் உரிந்து ரவிக்கை போட முடியாமல் போனது. அப்படியே ஈரத்தோடு போய்க் கம்பத்துக்குப் பக்கத்துக் கூண்டில் இருந்த நறுமுகையின் முன்னால் நின்றாள். கம்பத்தை ஓட்டுகிறவள் நறுமுகைதான். நல்ல படிப்பு, நல்ல மனசு, அதற்குமேல் ஒரு பயம். மேலதிகாரி தும்மினால் இவளுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு பாப்பா. இந்த நாயி ஊர்ல ஒருத்தர் விடாம மோந்துச்சு. எம் பொண்ணையும் வெளியவே நிறுத்திச்சு. அப்புறம் சிப்பி எப்படி உள்ள வந்துச்சு?"

நறுமுகை ஷாலினியின் தோளைப் பார்த்தாள். எழுந்து கூண்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"கம்பம் கண்டுபிடிச்சதுக்கா. நாங்கதான் அத வாயத் திறக்க விடல."

"புரியற மாதிரி சொல்லு."

"போன மாசம் சிப்பித் தடுப்புத் தொடக்க விழா நடந்துச்சுல்ல? அமைச்சர் படகுல ஏறினாரே. அவர் நடந்து போக படித்துறையில செவப்புக் கம்பளம் விரிச்சாங்க."

"ஆமா, தண்ணிக்குள்ள வரைக்கும் விரிச்சானுங்க. பாசி வழுக்குமாம்."

"எந்த ஏரியிலயோ ஒருதடவை வழுக்கி விழுந்துட்டாராம். அதுலேருந்து தண்ணிக்குள்ள நாலு படி வரைக்கும் கம்பளம் போடணும்னு உத்தரவு. விழா முடிஞ்சதும் ஈரத்தோட சுருட்டி ஜீப்புல போட்டு அடுத்த விழாவுக்குக் கொண்டுபோவாங்க. வாரியத்துக்கு இருக்கறது மொத்தமே அந்த ஒரு கம்பளந்தான்கா. எந்த ஏரியில தொடக்க விழாவோ அங்க போகும்."

ஷாலினி விரலை மடக்கி விழாக்களை எண்ணினாள்.

"அப்போ சிப்பித் தடுப்பு விழா நடந்த ஏரியிலெல்லாம்…"

"விழாவுக்கு அடுத்த மாசம் சிப்பி. கருவேப்பந்தாங்கல்லயும் அப்படித்தான்."

"கம்பளத்தக் கழுவித் தொலைக்கறதுதானே!"

"சொன்னேன்கா. கொதிதண்ணியில போட்டா சாயம் போயிடும்னுட்டாரு இயக்குநர். கம்பம் எல்லாரையும் மோக்கும்போது கம்பளத்த மட்டும் ஏன் சார் விடணும்னேன். கம்பளம் உயிரினம் கிடையாது, அதனால சட்டம் பொருந்தாதுன்னாரு."

"நாயி சும்மாவா உட்டுச்சு?"

"எங்க விட்டுச்சு! வேற ஒரு ஏரியில கம்பளத்துமேல நடந்து வந்த அமைச்சரையே மறிச்சு, ஓரமாக நிற்கவும்னு சொல்லிடுச்சு. டிவிக்காரங்கல்லாம் இருக்காங்க. அவ்வளவுதான், தலைநகரத்துலேருந்து ஒரே போன். உடனே ஒரு வில்லை செய்யச் சொன்னாங்க. அந்த வில்லை பக்கத்துல இருந்தா கம்பம் எதையும் மோக்காது, வரவேற்பு மட்டும் சொல்லும். ஆனா அமைச்சர் அதையெல்லாம் சட்டையில குத்திக்க மாட்டேன்னுட்டாரு. அதனால கம்பளத்தோட மூலையில வெச்சுத் தைச்சுட்டாங்க. நாந்தான்கா அந்த வில்லையச் செஞ்சேன்."

"சரி, எம் பொண்ணுகிட்ட இருந்துச்சே, அது இன்னா?"

"செத்த சிப்பியோட தூசி. கொதிக்கவெச்சுக் காயப்போட்டா சிப்பி செத்துடும். ஆனா செத்ததும் உயிரோட இருக்கறதும் கம்பத்துக்கு ஒரே வாசனைதான். உங்க பொண்ணால ஏரிக்கு ஒரு கெடுதலும் வராது. கம்பளத்துல இருக்கறதுதான் உயிரோட வருது."

ஷாலினி சிரித்தாள். நறுமுகைக்கு அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கரி பூசிக்கொண்டு கண்ணாடியைத் திட்டுகிற கூட்டம் என்று தெரியும். கரியைக் கொண்டுவந்து ஊர் முகத்தில் பூசிவிட்டு, குளித்துவிட்டு வா என்று கொதிநீரையும் ஊற்றுகிற கூட்டம் என்று இப்போதுதான் தெரிந்தது. தோள் எரிந்ததைவிட வயிறு அதிகமாக எரிந்தது. "அடுத்த விழா எப்போ பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த விழா பொன்னேந்தலிலேயே வந்தது. சிப்பி விழுந்துவிட்டதல்லவா, சும்மா இருக்க முடியுமா? சிப்பி ஒழிப்பின் இரண்டாம் கட்டத் தொடக்க விழா. பந்தல், பதாகை, ஒலிபெருக்கி. வரவேற்புக்கு ஊர்ப் பெண்கள் வேண்டும் என்று வாரியமே ஆள் அனுப்பியது. ஆளுக்கொரு பூத்தட்டு. விழா முடிந்ததும் ஈரக் கம்பளத்தைச் சுருட்டித் தருவதும் அவர்கள் வேலை. ஊழியர்களின் கால்சட்டை நனைந்துவிடக் கூடாதே.

மாண்புமிகு வந்து இறங்கினார். வாயிலிலிருந்து படித்துறை வரை சிவப்புக் கம்பளம். பளிச்சென்ற வெள்ளை வேட்டியோடு தண்ணீர் ஓரத்தில் கம்பளத்தின்மேல் நின்றுகொண்டு, "ஒரே ஒரு சிப்பியைக்கூட உள்ளே விடமாட்டேன்" என்று மார் தட்டினார். அவர் செருப்புக்கு அடியில் ஒரு கூட்டமே ஒட்டிக்கொண்டிருந்தது. இயக்குநர் கைதட்டியதைப் பார்த்தால், அந்தக் கைக்குத்தான் தனியாகச் சம்பளம் தருகிறார்கள் போல் இருந்தது. கூட்டத்தில் யாரோ ஒருவன் விசில் அடித்தான். வெட்கங்கெட்டவன், அவனும் இந்த ஊர்க்காரன்தான்.

ஒலிபெருக்கி ஓய்ந்ததும் பெண்கள் கம்பளத்தைச் சுருட்டினார்கள். தண்ணீரில் கிடந்த பாகத்தைத் திருப்பியதும் ஷாலினியின் உள்ளங்கை கீறிக்கொண்டது. அடிப்புறம் முழுக்க மணல் தேய்த்ததுபோல் சிப்பிக் குஞ்சுகள். அவள் அசரவில்லை. மூலையை மடித்துப் பிடித்து, மீன் அறுக்கும் கத்தியால் தையலை ஒரே இழுப்பில் அறுத்து, பொத்தான் மாதிரி இருந்த வில்லையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் கண்ணால் என்ன என்று கேட்டாள். "நூலு பிரிஞ்சிருந்துச்சு" என்றாள் ஷாலினி.

முதலில் கம்பளத்து ஜீப், அதன் பின்னால் மாண்புமிகுவின் கார். ஏரியை விட்டுப் போகிறவற்றையும் கம்பம் முகரும், அதுவும் சட்டம்தான். ஜீப் தூண்களுக்கு நடுவே வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. தடுப்புக் கட்டை தடால் என்று இறங்கியது.

"நீங்கள் அந்நிய உயிரினத்தைச் சுமந்து செல்கிறீர்கள். ஓரமாக நிற்கவும்."

"யோவ், யாரு வண்டின்னு பாத்துச் சொல்லச் சொல்லுய்யா!" என்று இயக்குநர் குதித்து இறங்கிக் கம்பத்தைப் பார்த்தே கத்தினார். கம்பத்துக்கு யார் வண்டியானால் என்ன? சிப்பி விழுந்த பிறகு வாயிலில் புதிதாகப் பொருத்தியிருந்த வேக்காட்டுக் குழாய்கள் தாமாகவே திறந்துகொண்டன. ஜீப் நனைந்தது, இயக்குநர் நனைந்தார், என்ன தாமதம் என்று பார்க்க இறங்கி வந்த மாண்புமிகுவும் நனைந்தார். சுட்டதில் எல்லோரும் கரகாட்டம் ஆடினார்கள். கம்பளத்திலிருந்து சிவப்பாகத் தண்ணீர் பெருகி வெள்ளை வேட்டியின் முழங்கால் வரை ஏறியது. இயக்குநர் தம்முடைய உத்தியோக வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மை அதுதான். சாயம் போயிற்று. கேமராக்காரர்களுக்கு அன்று தீபாவளி.

அந்த அமளியில் நடைபாதைப் பக்கமாக ஒருத்தி வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. வெளியே புளியமரத்தடியில் இசைமதி காத்திருந்தாள். துணிமணி எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் காயவைத்து எடுத்து வரச்சொல்லி முதல் நாளே சொல்லியிருந்தாள் ஷாலினி. ஓர் இழைகூட ஈரம் இல்லை. முந்தானையின் முனையில் வில்லையை முடிந்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதைத் தூண்களுக்கு நடுவே நடந்தாள்.

கம்பம் முகரவே இல்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"மாண்புமிகு அவர்களே, வருக, வருக! தங்கள் வருகையால் இந்த ஏரி பெருமை கொள்கிறது."

சத்தம் கேட்டதும், சொட்டச் சொட்ட நின்றிருந்த மாண்புமிகு பழக்க தோஷத்தில் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நாலா பக்கமும் கும்பிட்டார். இசைமதிக்குச் சிரிப்பு பீறிட்டது. "வயித்தப் புடிச்சினு நட, கழுத" என்று ஷாலினி அதட்டினாள். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

விசாரணை நடக்காமல் இருக்குமா? நடந்தது. கம்பளத்துக்குச் சாயம் போட்டவன்தான் குற்றவாளி என்று முடிவாயிற்று. அவனை எல்லா ஊரிலும் தேடினார்கள். காணாமல்போன வில்லையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதைச் செல்லாததாக்க வேண்டுமென்றால் முதலில் அப்படி ஒன்று இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. இயக்குநருக்கு அந்த அளவுக்கு விவரம் உண்டு. வேக்காட்டு அறை மட்டும் வழக்கம்போல் ஊர்க்காரர்களுக்குத் தினமும் கொதித்துக்கொண்டிருந்தது.

இசைமதிக்குத் தாய் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு வில்லை குடியிருப்பில் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருத்தியின் அக்கா சாவுக்கு வந்தாள், ஒருத்தியின் மருமகள் மஞ்சள் நீராட்டுக்கு வந்தாள், பல வருஷமாகக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகள் வந்தார்கள். ஷாலினியிடம் மட்டும் யாருடைய ஜம்பமும் பலிக்காது. "துணியக் கொதிக்கவெக்காதவளுக்கு வில்லை கிடையாது. அந்தக் கம்பளத்துக்கு இருக்கற திமிரு உனக்கும் வந்துடுச்சா?" என்று விரட்டிவிடுவாள். அமைச்சருக்காகச் செய்த வில்லையோடு சுத்தமான உயிர்கள் ஏரிக்குள் வந்தது அப்போதுதான்.

ஆனால் ஏரியை யார் காப்பாற்றுவது? விழுந்த சிப்பி விழுந்ததுதான். விரால் அருகிப்போயிற்று. வலையை இழுத்தால் மீனைவிடச் சிப்பி கனத்தது; ஷாலினியின் கைகள் கீறலும் புண்ணுமாக இருந்தன. படித்துறையில் உட்கார்ந்து வலையிலிருந்து சிப்பியைப் பிய்த்து எறியும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பேத்தியின் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் அடங்கும். முழுதாக அடங்காது.

ஒருநாள் நறுமுகை சிரிப்பை அடக்க முடியாமல் வந்து நின்றாள்.

"அக்கா, அமைச்சருக்கு விருது கொடுக்கறாங்க. மாநிலத்துலயே அதிகத் தடவை ஏரியை நேர்ல வந்து பார்த்த அமைச்சர் இவர்தானாம். பொன்னேந்தலுக்கு மட்டும் கிட்டத்தட்ட தினமும் வந்திருக்காராம். கம்பத்துல அப்படித்தான் பதிவாகியிருக்கு."

"அட கடவுளே! அந்தாளுக்கே தெரியுமே, தான் வரலன்னு!"

"இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, இது நெஜமான்னு கேட்டாரு. கம்பம் பொய் சொல்லாது சார்னேன். அமைச்சர்கிட்ட போய்ச் சொல்லியிருக்காரு. அவரு கொஞ்சம் யோசிச்சுட்டு, ஆமாய்யா, எனக்கே எண்ணிக்கை மறந்துபோச்சுன்னாராம்."

விருது விழாவும் பொன்னேந்தல் படித்துறையில்தான். அதே பந்தல், அதே ஒலிபெருக்கி, அதே விசில். ஜீப்பிலிருந்து புத்தம் புதிய சிவப்புக் கம்பளம் இறங்கியது. இந்த முறை என்ன செய்தாலும் சாயம் போகாதாம். இயக்குநர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூலையில் புது வில்லையைக் கம்பி போட்டுத் தைத்திருந்தார்கள். முதல் விழாவை முந்தின நாள் வேறோர் ஏரியில் முடித்துவிட்டு வந்திருந்தது கம்பளம்.

"சாயம் போவாதுன்னா இனிமே கொதிக்கவெக்கலாமே. வெச்சாங்களா பாப்பா?" என்று கேட்டாள் ஷாலினி.



ஊழியர்கள் கம்பளத்தை வாயிலிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தார்கள். படிகளை எட்ட இன்னும் தூரம் இருந்தது. ஷாலினி பேத்தியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, விரிந்து கிடந்த ஓரத்தில் தன் வெறுங்காலை வைத்துப் பார்த்தாள். தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அது ஈரமாக இருந்தது.